கந்தகத்தின் மூன்று உருவங்களைச் செய்து காட்டும் முறை

ஒரே தனிமம் வெவ்வேறு உருவங்களில் இருப்பதே புறவேற்றுமை. அதைச் சொன்னதும் வைரத்தையும் கிராஃபைட்டையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் வகுப்பறையில் ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் காட்ட முடிவதில்லை. கந்தகத்தில் அது முடியும் என்பதால், பாடத்தை இதிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

கடையில் கிடைக்கும் மஞ்சள் கந்தகம் பெரும்பாலும் சாய்சதுரம் எனப்படும் படிக வடிவத்தைச் சேர்ந்தது. எட்டு அணுக்கள் கிரீடம் போல வளைந்து இணைந்த வளையமே அதன் மூலக்கூறு. ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸுக்கு மேல் அதே வளையங்கள் வேறு விதமாக அடுக்கப்பட்டு, ஒற்றைச்சரிவு எனப்படும் இரண்டாவது படிக வடிவம் நிலைபெறுகிறது.

புகையை வெளியேற்றும் கண்ணாடிக் கூண்டுக்குள், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தே வேலை செய்ய வேண்டும். கந்தகம் நீலச் சுடருடன் தீப்பற்றினால் மூச்சை அடைக்கும் கந்தக டை ஆக்சைடு வெளிவரும். ஆகவே நெருப்பை மூடி அணைக்க ஈரத்துணி ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு கந்தகத்தூளை இட்டு, சிறு சுடரில் மெதுவாகச் சூடாக்குங்கள். கந்தகம் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால், அவசரப்பட்டால் அடிப்பகுதி கருகிவிடும். 115 முதல் 120 டிகிரிக்குள் அது தேன் நிறத்தில் நீர்போல உருகியதும், கூம்பாக மடித்த வடிதாளில் ஊற்றுங்கள். மேற்பரப்பில் ஆடை படிந்த உடனே தாளை விரித்தால், உள்ளே ஊசி ஊசியாக நிற்பவை ஒற்றைச்சரிவுப் படிகங்கள். அடுத்த சில நாட்களில் அவை ஒளி மங்கிச் சாய்சதுர வடிவத்துக்குத் திரும்பிவிடும்.

மூன்றாவது உருவத்துக்கு, மற்றொரு குழாயில் உருகிய கந்தகத்தை மேலும் சூடாக்க வேண்டும். 160 டிகிரியைத் தாண்டியதும் வளையங்கள் அறுந்து நீண்ட சங்கிலிகளாகப் பிணைவதால், திரவம் செம்பழுப்பாகி, குழாயைச் சாய்த்தாலும் அசையாத அளவுக்குக் கெட்டிப்படும். மாணவர்கள் வியப்பது இங்கேதான். சூடேறினால் இளகும் என்றுதானே எல்லோரும் எதிர்பார்க்கிறோம்! மேலும் சூடாக்கினால் சங்கிலிகள் துண்டாகி மீண்டும் இளகும். அப்போது குளிர்ந்த நீருள்ள முகவையில் மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். நன்றாக ஆறிய பின் இடுக்கியால் எடுத்து இழுத்தால், ரப்பர் போல நீளும் நெகிழிக் கந்தகம் கிடைக்கும். சில மணி நேரத்திலேயே அது விறைக்கத் தொடங்கி, நாளடைவில் பழைய மஞ்சளாக நொறுங்கும்.

குழாயைத் தேய்த்துக் கழுவ முயல வேண்டாம். கந்தகம் நீரில் கரையாது என்பதால் குழாயையே கழித்துவிடுவதே மேல்.