ஒப்பிடுவது கிட்டாரையா, கம்பியையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பையில் எலக்ட்ரிக் கிட்டார் வாங்க செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் கிளம்பும் நம்மவர்கள் பலர் தோபி தலாவ் கடைகளில் போய் நிற்கிறார்கள். பெயர்பெற்ற இரு கிட்டார் வடிவங்களான ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் ஒன்று, லெஸ் பால் வகையில் ஒன்று, இரண்டையும் ஐந்தைந்து நிமிடம் வாசித்துவிட்டு, "இது கனத்த ஒலி, அது மெல்லிய ஒலி, இது கைக்கு இறுக்கம், அது இதம்" என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பில் பெரும்பகுதி கிட்டாரைப் பற்றியதே அல்ல.

முதல் குற்றவாளி கம்பி. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அதிரும் கம்பியின் நீளம் 25.5 அங்குலம், லெஸ் பாலில் சுமார் 24.75. ஒரே கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றினால் நீளமானதில் இழுவிசை ஏறக்குறைய 6 சதவீதம் கூடும். ஸ்ட்ராட் சற்று விறைப்பு என்று சொல்வதற்கு இதுவே அடிப்படை. ஆனால் முதல் கம்பியின் தடிமன் 0.009 அங்குலத்திலிருந்து 0.010 ஆனாலே அதன் இழுவிசை 23 சதவீதம் ஏறிவிடுகிறது. கடையில் ஸ்ட்ராட்டில் 'ஒன்பது' செட்டும் லெஸ் பாலில் 'பத்து' செட்டும் மாட்டியிருந்தால், லெஸ் பால்தான் விறைப்பு என்று உங்கள் விரல் சத்தியம் செய்யும். எனவே எந்தக் கிட்டாரில் எந்த செட் இருக்கிறது, எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பல கைகள் பட்டு, கடற்காற்றில் துருவேறிய கம்பி எந்தக் கிட்டாரையும் மந்தமாக ஒலிக்கச் செய்யும். பிடித்த கிட்டாருக்குப் புதுக் கம்பி போடச் சொல்லி அதற்கான பணத்தைக் கொடுப்பது வீண் செலவல்ல.

கம்பியின் உயரமும் இதே கதைதான். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டியில்) சிறிய எஃகு அளவுகோலை வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஆறாம் கம்பி 1.6 மில்லிமீட்டர் உயரத்திலும் மற்றதில் 2.5 மில்லிமீட்டரிலும் இருந்தால் நீங்கள் ஒப்பிடுவது மெக்கானிக்கின் வேலையைத்தான். மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சுவதால் கழுத்து வளைந்து இந்த உயரம் மாறும். கடையின் ஏ.சி.யில் இருந்த நிலை வீட்டில் அப்படியே இருக்காது. திருகினால் சரியாகிவிடும் குறைக்காக நல்ல கிட்டாரை ஒதுக்கவேண்டாம்.

அடுத்தது சத்தம். கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருள்தான் பிக்கப். அதில் இரட்டைச் சுருளுள்ள ஹம்பக்கர் வகை பொதுவாக ஒற்றைச் சுருள் பிக்கப்பைவிட உரக்க ஒலிக்கும். உரக்க ஒலிப்பதைக் காது 'நல்ல ஒலி' என்று எடுத்துக்கொள்ளும். சண்முகானந்தா அரங்கில் கச்சேரி கேட்டே வளர்ந்த காதும் இதற்கு விதிவிலக்கல்ல. அண்ணன் மகனோடு ஒரு கடைக்குப் போனபோது, "சித்தப்பா, இதுதான், சந்தேகமே இல்லை" என்று ஹம்பக்கர் கிட்டாரைக் கட்டிக்கொண்டான். அந்தக் கிட்டாருக்கு மட்டும் ஆம்பின் (ஒலிபெருக்கியின்) வால்யூமைக் கொஞ்சம் இறக்கிவிட்டு அவனைத் திரும்பி நிற்கச் சொல்லி, இரண்டிலும் ஒரே நான்கு ஸ்வரங்களை வாசித்தேன். இந்த முறை மற்றதைக் காட்டினான். சத்தத்தைச் சமன் செய்ய ஆம்பைத் தொடுங்கள், கிட்டாரின் குமிழைத் தொடாதீர்கள். பல கிட்டார்களில் அதைக் குறைத்தால் உச்ச ஒலிகளும் சேர்ந்து மங்கிவிடும். முதலில் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் வசதி) இல்லாமல் கேளுங்கள். அதைக் கூட்டிவிட்டால் எல்லாக் கிட்டாரும் பங்காளிகள்தான், ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கும்.

ஒற்றைச் சுருள் பிக்கப் ரீங்காரமிட்டால் பழுது என்று நினைக்கவேண்டாம். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வை அது பிடித்துக்கொள்கிறது. அந்த இரைச்சலை அடக்கத்தான் ஹம்பக்கரே பிறந்தது. லெஸ் பாலில் அது வந்தது 1957-இல்.

வீட்டில் வாசிக்கப்போகும் சத்தத்திலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். சத்தம் குறையும்போது அடி ஒலிகள் காதுக்கு எளிதில் எட்டாது என்று ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். கடையில் நெஞ்சை அதிரவைத்த கனம், பக்கத்து வீட்டாருக்குப் பயந்து வாசிக்கும் படுக்கையறையில் வராது.

கடைசியாக, ஸ்டூலில் உட்கார்ந்தே முடிவெடுக்காதீர்கள். வாரை மாட்டி நின்று வாசியுங்கள். லெஸ் பால் வகையில் பல நான்கு கிலோவைத் தாண்டும். அதை முதுகில் சுமந்து, மாலை ஆறரை மணி பன்வேல் வண்டியில் செம்பூர் வரை நின்றுகொண்டே வரப்போவது நீங்கள்தான், கடைக்காரர் அல்ல.