'கார்டன் ஆஃப் ஈவில்': நடிகர்களுக்காகப் பார்ப்பது எப்படி?
1954-இல் ஹென்றி ஹாத்வே இயக்கிய வெஸ்டர்ன் (கௌபாய் பாணிப் படம்). கதை சுமார்தான்: சுரங்கத்தில் சிக்கிய கணவனை மீட்க ஒருத்தி கூலிக்கு ஆள் பிடிக்கிறாள். படத்தைத் தூக்கி நிறுத்துவது கேரி கூப்பர், சூசன் ஹேவர்ட், ரிச்சர்ட் விட்மார்க் மூவரும்தான்.

முதலில் டிவியில் 'ஜூம்' அமைப்பை அணையுங்கள். இது 2.55:1 சினிமாஸ்கோப், அதாவது உயரத்தைப் போல 2.55 மடங்கு அகலமான படம். 16:9 திரையை நிரப்பினால் அகலத்தில் சுமார் 30 சதவீதம் வெட்டுப்படும்; ஓரத்தில் நிற்பவர்கள் காணாமல் போவார்கள். மேலும் கீழும் கருப்புப் பட்டை தெரிந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

நடுப்பகுதி இழுவை. அங்கே வசனத்தை விட்டுவிட்டு கூப்பரின் மௌனத்தையும் விட்மார்க்கின் நக்கலையும் கவனியுங்கள். படத்தில் வரும், எரிமலைக் குழம்பில் புதைந்த தேவாலயம் செட் அல்ல, மெக்சிகோவின் பரிகுட்டின் எரிமலை வட்டாரத்தில் உள்ள நிஜ இடம். ஒலியைக் கொஞ்சம் கூட்டிவையுங்கள்; இசை, 'சைக்கோ' படத்துக்கு இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன்.