காலை எடை, வாரச் சராசரி: வீட்டிலேயே உடல் எடையைக் குறித்துவருவது எப்படி?

போன ஆண்டு ஒரு கல்யாண விருந்துக்கு மறுநாள் காலை எடைக் கருவியில் ஏறி நின்றேன். முந்தைய நாளைவிட 1.4 கிலோ கூடியிருந்தது. மூன்று வாரம் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டதெல்லாம் ஒரே பந்தியில் பாழாகிவிட்டது என்று மனம் உடைந்து, கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மூன்று மாதம் அது அங்கேயே கிடந்தது. அந்த 1.4 கிலோ எதனால் வந்தது என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்த மூன்று மாதம் வீணாகியிருக்காது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கிலோ கலோரி அடங்கியிருக்கிறது. ஒரே இரவில் 1.4 கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், அன்றாடத் தேவைக்கு மேல் பத்தாயிரத்துக்கும் அதிகமான கிலோ கலோரியைச் சாப்பிட்டிருக்க வேண்டும். ஒரு பந்தியில் அது முடியாது. கூடியதில் பெரும்பகுதி தண்ணீரும், குடலை விட்டு இன்னும் வெளியேறாத உணவும்தான். ஊறுகாயிலும் அப்பளத்திலும் உள்ள உப்பு நீரைப் பிடித்துவைக்கிறது. சோற்றிலும் பாயசத்திலும் உள்ள மாவுச்சத்து, உடல் சேமித்துவைக்கும் சர்க்கரையான கிளைகோஜனாகச் சேரும்போது, அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. ஆக, ஒரு நாள் எடையை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. வாரச் சராசரியை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

முதல் படி: கருவியைச் சோதியுங்கள்

சாதாரண டிஜிட்டல் கருவியே போதும். அதைக் கடினமான, சமதளமான தரையில் வையுங்கள். பாய், கம்பளம், மிதியடி மேல் வைத்தால் எடை தப்பாகக் காட்டும். இடம் பிடித்துவிட்டால் பிறகு மாற்றாதீர்கள்.

பிரிக்காத 5 கிலோ அரிசிப் பை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள். பிறகு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறுங்கள். வித்தியாசம் ஏறக்குறைய 5 கிலோ வர வேண்டும். நூறு, இருநூறு கிராம் முன்பின் இருந்தால் பரவாயில்லை.

இந்தச் சோதனையில் இன்னொன்றும் தெரியவரும். சில கருவிகள் கடைசியாகக் காட்டிய எடையை நினைவில் வைத்திருக்கும். அடுத்த முறை வித்தியாசம் சிறிதாக இருந்தால், புதிதாக எடை பார்க்காமல் பழைய எண்ணையே மறுபடி காட்டும். ஐந்து நாளாக எண் ஒரு புள்ளிகூட அசையவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். அரிசிப் பையோடு ஒருமுறை ஏறி இறங்கிவிட்டுப் பிறகு தனியாக ஏறினால் உண்மையான எடை வந்துவிடும்.

இரண்டாம் படி: தினமும் ஒரே நேரம்

காலையில் எழுந்து, கழிப்பறைக்குப் போய் வந்த பிறகு, காபிக்கு முன்னால். உடை மிகக் குறைவாக, தினமும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒரு தடவை ஏறினால் போதும். அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் அந்த நொடியே அரை கிலோ கூடும் என்பதால் மாலையில் பார்க்கும் எடையை இதோடு ஒப்பிடாதீர்கள்.

மூன்றாம் படி: உடனே எழுதுங்கள்

கருவிக்குப் பக்கத்திலேயே ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். தேதி, எடை, தேவைப்பட்டால் ஒரு சொல்: 'விருந்து', 'பயணம்', 'மலச்சிக்கல்', 'மாதவிடாய்'. செல்போனிலும் குறிக்கலாம், எனக்கு நோட்டுதான் ஒத்துவந்தது. ஒரு நாள் விட்டுப்போனால் காலியாக விடுங்கள், உத்தேசமாக எதையும் எழுதாதீர்கள்.

நான்காம் படி: வாரச் சராசரி

இதுதான் முக்கியம். ஓர் உதாரணம் பாருங்கள்.

முதல் வாரம், திங்கள் முதல் ஞாயிறு வரை: 72.4, 72.9, 72.1, 72.6, 72.3, 73.1, 72.7. கூட்டுத்தொகை 508.1. ஏழால் வகுத்தால் 72.6.

இரண்டாம் வாரம்: 72.5, 72.0, 72.4, 72.2, 71.9, 72.8, 72.6. கூட்டுத்தொகை 506.4. சராசரி 72.3.

முதல் திங்களன்று 72.4, கடைசி ஞாயிறன்று 72.6. இவற்றை மட்டும் பார்ப்பவர் "இரண்டு வாரம் பட்டினி கிடந்தும் 200 கிராம் ஏறிவிட்டதே" என்று நொந்துபோவார். உண்மையில் சராசரி கால் கிலோ அளவுக்கு இறங்கியிருக்கிறது. கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவதா, தொடர்ந்து எடை பார்ப்பதா என்பது இந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது. ஏழு நாளில் ஐந்து நாள் எடைதான் இருக்கிறது என்றால் ஐந்தால் வகுங்கள்.

ஐந்தாம் படி: வரைபடம்

வாரச் சராசரிகளை மட்டும் கட்டம் போட்ட தாளில் புள்ளியாக வைத்துக் கோட்டால் இணையுங்கள். நான்கு புள்ளிகள் சேரும் வரை உணவிலோ நடையிலோ எதையும் மாற்ற வேண்டாம். மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் நீர் தேங்கி எடை கூடுவது இயல்பு. எனவே பெண்கள் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடுவதைவிட, போன சுழற்சியின் இதே வாரத்தோடு ஒப்பிடுவது சரியாக இருக்கும். உடற்பயிற்சியைப் புதிதாகத் தொடங்கியவர்களுக்கும் தசைகளில் நீர் தேங்குவதால் முதல் சில வாரங்கள் கோடு இறங்காமல் நிற்கலாம்.

தினமும் எண்ணைப் பார்ப்பது சிலருக்கு மனவேதனையைத் தரும். சாப்பாட்டைக் கண்டு அஞ்சும் பழக்கம் முன்பு இருந்தவர்கள் இந்த முறையைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

நோட்டு இன்னொரு வகையிலும் உதவும். நீங்கள் முயலாமலே ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் எடையில் 5 சதவீதம், அதாவது 70 கிலோ உள்ளவருக்கு மூன்றரை கிலோ, குறைந்திருந்தால் மருத்துவரைப் பாருங்கள். இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெறுபவருக்கு இரண்டு மூன்று நாளிலேயே 2 கிலோ ஏறினால் வாரச் சராசரிக்குக் காத்திருக்கக் கூடாது. கால் வீக்கமோ மூச்சுத்திணறலோ சேர்ந்திருந்தால் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள், நோட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு.