வேத தியானத்தில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தியானிக்க வேதத்தைத் திறந்ததும் பலருடைய மனதில் முதலில் எழும் கேள்வி, "இன்றைக்கு எனக்கு என்ன வசனம்?" என்பதுதான். அந்த ஏக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதுவே முதல் கேள்வியாகிவிட்டால், இதை யார் சொன்னார், யாரிடம் சொன்னார், எந்த நிலையில் சொன்னார் என்று கேட்க நமக்குப் பொறுமை இருப்பதில்லை. தியானத்தில் வரும் தவறுகளில் அநேகம் இந்த அவசரத்தில்தான் தொடங்குகின்றன.

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனத்தைத் தேர்வு எழுதப் போகிறவரும் வேலை தேடுகிறவரும் பற்றிக்கொள்கிறார்கள். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன மக்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் உள்ள வரி. அதற்கு முந்தைய வசனத்தில், எழுபது வருஷம் முடிந்த பிறகே திருப்பி அழைத்துவருவேன் என்று கர்த்தர் சொல்கிறார். அப்படியானால் அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த கட்டளை என்ன? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். இதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். கேட்க எவ்வளவு இனிமையாக இருந்திருக்கும்! அது பொய் என்று வேதம் சொல்கிறது. 11-ஆம் வசனத்தை மட்டும் தனியே எடுக்கும்போது, நாம் எரேமியாவின் வசனத்தை வைத்துக்கொண்டு அனனியாவின் செய்தியை நம்பிவிடுகிறோம். முழுக் கடிதத்தையும் வாசித்தால் ஆறுதல் குறைவதில்லை. விடுதலை தாமதமாகும் காலத்திலும் வீடு கட்டி, மரம் நட்டு, அக்கம்பக்கத்தாருக்கு நன்மை செய்து வாழலாம் என்ற துணிவு கிடைக்கிறது. எனக்கு அதுதான் பெரிய வாக்குத்தத்தமாகத் தோன்றுகிறது.

பிலிப்பியர் 4:13-ம் அப்படித்தான். எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்று பவுல் எழுதியது கட்டுண்டிருந்த நாட்களில். தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டேன் என்பது அதற்கு முந்தின வரி. குறைவிலும் மனரம்மியமாய் இருக்கும் பெலனைப் பற்றி அவர் பேசுகிறார்.

அடுத்த தவறு, அடிபட்டுக் கிடப்பவர்மேல் வசனத்தைப் போடுவது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் செய்கிறவருக்கு அது ஊழியமாகவே தெரியும். பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் மூவரும் முதலில் நல்லதுதான் செய்தார்கள். ஏழு பகல், ஏழு இரவு, ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பேசத் தொடங்கியபோதுதான் எல்லாம் கெட்டது. அவர்கள் சொன்னதெல்லாம் அபத்தமும் அல்ல. தேவன் ஞானிகளை அவர்களுடைய தந்திரத்திலே பிடிக்கிறார் என்று அவர்களில் ஒருவனான எலிப்பாஸ் சொன்ன வாக்கைப் பவுலே கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் எடுத்தாள்கிறார். ஆரம்பம் அற்பமாயிருந்தாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும் என்பது நம்மில் பலருக்கு மிகப் பிடித்த வாக்குத்தத்தம். அதைச் சொன்னவன் அந்த நண்பர்களில் இன்னொருவனான பில்தாத். எப்போது சொன்னான்? பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்த தகப்பனிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்ததால் அவர்களுக்கு இப்படி நேர்ந்திருக்கும் என்கிற பேச்சுக்கு மூன்று வசனம் தள்ளி! முடிவில் கர்த்தர் அந்த நண்பர்களிடம், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கோபப்படுகிறார். அழுது, வாதாடி, கேள்வி கேட்ட யோபுதான் நிதானமாய்ப் பேசியவன் என்கிறார்.

ஆகவே துக்க வீட்டுக்குப் போகும்போது ரோமர் 8:28-ஐ முதல் வார்த்தையாக்காதீர்கள். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்பது, அழுகிறவர் ஒரு நாள் தன் வாயால் சொல்லும்போது சாட்சி. நாம் முந்திக்கொண்டு சொன்னால், அழாதே என்று அதட்டுவது போல ஆகிவிடும். பக்கத்தில் உட்காருங்கள். சாப்பிட்டாரா என்று பாருங்கள். அதே அதிகாரத்தில், வார்த்தையாய்ச் சொல்ல முடியாத பெருமூச்சுகளோடே ஆவியானவர் வேண்டுதல் செய்கிறார் என்றும் இருக்கிறதே. அந்த வசனத்தை மனதில் வைத்துக்கொண்டு வாய் மூடி இருக்கலாம்.

இன்னொன்று, மற்றவருக்காக வாசிப்பது. ஒரு பகுதி உறைக்கும்போதே, "இதை அவர் கேட்க வேண்டும்" என்று கணவனோ, மருமகளோ, மேலதிகாரியோ நினைவுக்கு வந்துவிடுவார்கள். வேறொருவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவுக்கும் இதுவே நடந்தது. ஏழை ஒருவனின் ஒரே ஆட்டுக்குட்டியை ஒரு ஐசுவரியவான் பிடுங்கிக்கொண்ட கதையைத் தீர்க்கதரிசி நாத்தான் சொன்னபோது, அந்த ஐசுவரியவான்மேல் தாவீதுக்குக் கோபம் மூண்டது. அவன் மரணத்திற்குப் பாத்திரன் என்று தீர்ப்பே சொல்லிவிட்டான். "நீயே அந்த மனுஷன்" என்றார் நாத்தான். வாசிக்கும்போது வேறொருவர் முகம் தெரிந்தால் நிறுத்திவிட்டு, இந்தப் பகுதியில் நான் யார் என்று கேட்டுப் பாருங்கள். ஊதாரி மகன் உவமையில் எப்போதும் இளையவனாகவே நம்மை நினைத்துக்கொள்கிறோம். வீட்டுக்குள் வர மாட்டேன் என்று வெளியே நிற்கும் மூத்தவன் நானாக இருந்தால்? அப்படித் தெரிந்தால், அன்றைக்கே யாரிடம் பேச வேண்டும், யாருக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

உணர்ச்சியை அளவுகோலாக்குவதும் உண்டு. கண்ணீர் வந்தால் நல்ல ஜெபம், மனம் வறண்டிருந்தால் தேவன் தூரமாகிவிட்டார் என்று கணக்கிடுகிறோம். சங்கீதம் 88-ஐ வாசியுங்கள். புலம்பலில் தொடங்கும் சங்கீதங்கள் பெரும்பாலும் துதியில் முடியும். இது அப்படி முடிவதில்லை. சிநேகிதரும் தோழரும் விலகிப்போனார்கள் என்ற இருட்டிலேயே நின்றுவிடுகிறது. ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது, ஜெபமாக இருக்கிறது. வறண்ட நாளில் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு எழுந்தாலும் போதும், அதுவும் ஜெபம்தான்.

அடையாளம் கேட்பதைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆட்டுத்தோலைப் போட்டு, தேவனிடம் அடையாளம் கேட்ட கிதியோனை முன்மாதிரியாகச் சொல்வார்கள். தோலைப் போடும் முன்பே, நான் உன்னோடேகூட இருப்பேன் என்று கர்த்தர் அவனுக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார். தேவன் அவன் பயத்தைப் பொறுத்துக்கொண்டார், அவ்வளவுதான். நேர்மையாக நட, வாங்கிய கடனைக் கொடு, பகையாளியோடு ஒப்புரவாகு என்பதற்கெல்லாம் தனி அடையாளம் தேவையில்லை.

அப்புறம், அட்டவணை. வேதத்தில் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று நான்கு வாசித்தால் ஒரு வருஷத்தில் முடிக்கலாம். நல்ல பழக்கம்தான். ஆனால் லேவியராகமத்தில் பின்தங்கியதும் குற்ற உணர்வில் மொத்தமாக விட்டுவிடுகிறவர்கள் நிறைய. விட்ட நாட்களை விட்டுவிடுங்கள். இன்றைய பகுதியை வாசியுங்கள்.

கடைசியாக, புரியாததை மறைப்பது. நெடுநாள் விசுவாசிகளிடம் இது அதிகம். இவ்வளவு வருஷமாகியும் இது தெரியாதா என்று யாராவது நினைப்பார்களோ என்ற கூச்சம். அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசிக்கிறார். பொக்கிஷமெல்லாவற்றுக்கும் தலைவர். வாசிக்கிறது புரிகிறதா என்று வழியில் ஓடிவந்த பிலிப்பு கேட்டபோது, ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்று சொல்லி அவரைப் பக்கத்தில் ஏற்றிக்கொள்கிறார். பிறகு அந்த மந்திரி கேட்ட கேள்வி, தீர்க்கதரிசி யாரைக் குறித்து இதைச் சொல்லுகிறார், தம்மைக் குறித்தோ, வேறொருவரைக் குறித்தோ என்பது. உங்களுக்குப் புரியாத வசனத்தின் பக்கத்தில் இப்படி ஒரு கேள்வியை எழுதி வையுங்கள். அதை உங்கள் போதகரிடமோ, சபையில் நெடுநாள் வேதம் வாசித்து வாழ்ந்த ஒரு பெரியவரிடமோ கொண்டுபோய்க் கேளுங்கள்.