சிமெண்ட் போட்ட கொல்லையை மழை குடிக்கும் தரையாக மாற்றுவது எப்படி?

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் வளவில், அதாவது நடு முற்றத்தில், விழும் மழையை அண்டாவில் பிடிப்பார்கள். பின்கட்டுத் தாண்டினால் வெறும் செம்மண். இப்போது காரைக்குடியில் புதிதாகக் கட்டும் பல வீடுகளில் வாசல் முதல் கொல்லை வரை சிமெண்ட்தான். 300 சதுர அடித் தளத்தில் 5 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 1,400 லிட்டர் தண்ணீர். அத்தனையும் தெருச் சாக்கடைக்குப் போகிறது, கோடையில் நாம் லாரித் தண்ணீர் வாங்குகிறோம். எங்கள் கொல்லையில் நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் ஒரு மழை நாளில் குடையோடு நின்று பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் வாட்டம் (சரிவு) என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். கால் படும் வழியும் வண்டி நிற்கும் இடமும் தவிர மற்ற இடத்துக்குக் கெட்டித் தரை தேவையே இல்லை.

அடுத்து மண் சோதனை. ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் தண்ணீர் இறங்கட்டும், அது கணக்கில்லை. மறுபடி நிரப்பி, குச்சியில் அடையாளம் வைத்து அளந்து பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் தைரியமாகத் தொடங்கலாம். அரை அங்குலம்கூட இறங்காவிட்டால் தரையை மட்டும் நம்பாமல், 3 அடிச் சதுரத்தில் ஜல்லி நிரப்பிய உறிஞ்சு குழி ஒன்றும் வையுங்கள்.

சரி, உடைப்பு. வீட்டுச் சுவரிலிருந்து 3 அடியைத் தொடாதீர்கள். செப்டிக் டேங்க் பக்கமும் வேண்டாம். எங்கள் வேப்பமரத்தைச் சுற்றி, அடிமரம் வரை ஒட்டிச் சிமெண்ட் போட்டுவிட்டுப் போயிருந்தார் அப்போதைய ஒப்பந்தக்காரர். அங்கே மெஷின் வைக்காமல் கடப்பாரையால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தோம். முதல் துண்டைத் தூக்கியபோது கீழே மண் சாம்பல் மாதிரி உலர்ந்து கிடந்தது, ஒரு மண்புழு இல்லை. விரல் தடிமன் வேர் ஒன்று விரிசலைத் தேடித் தட்டையாகப் படர்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் மனசு கனத்துப்போனது. மரத்தைச் சுற்றி 4 அடிக்குக் கல்லே பாவாமல் சருகு மூடாக்கு மட்டும் போட்டுவிட்டோம்.

நடைவழிக்கு முக்கால் அடி ஆழம் தோண்டி, அடிமண்ணைக் கடப்பாரையால் கீறிவிடுங்கள். திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினால் தண்ணீர் இறங்காது. தூசி இல்லாத 20 மி.மீ. ஜல்லி 4 அங்குலம், கார் ஏறும் இடமானால் 8 அங்குலமாக ஆழத்தையும் கூட்டுங்கள். அதன் மேல் 6 மி.மீ. சிப்ஸ் (பொடி ஜல்லி) 2 அங்குலம். அப்புறம் கருங்கல் பலகையோ செம்பூராங்கல்லோ அரை அங்குல இடைவெளி விட்டுப் பாவுங்கள். வாட்டம் வீட்டை விட்டு வெளியே போகட்டும்.

கொத்தனார் சந்தில் சிமெண்ட் பூசத்தான் பார்ப்பார், பக்கத்திலேயே நில்லுங்கள். சந்தில் சிப்ஸ் மட்டும்தான். இது ஒன்று தப்பினால் செய்த வேலை அத்தனையும் வீண்.

மிச்ச இடத்தில் மட்கிய சாணம் கலந்து அருகம்புல் நட்டால் போதும். வண்டி கழுவும் சோப்புத் தண்ணீரும் எண்ணெயும் இந்தப் பக்கம் வரக் கூடாது, நாளைக்குக் கிணற்றில் ஊறுவது அதுதான். ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் சந்தில் அடைத்த வண்டலைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது சிப்ஸ் நிரப்புங்கள். எங்களுக்கு அரை நாள் வேலை.