பின்னிக் கொடுக்கும்போது நான் செய்த தவறுகள்

முதன்முதலாக முழுசாகப் பின்னி முடித்த ஸ்வெட்டரை என் பெரிய அத்தைக்குத்தான் கொடுத்தேன். அடர் நீலம், முன்பக்கம் ஜடை மாதிரி முறுக்கிப் போகும் கேபிள் பின்னல், மூன்று மாத வேலை. கடலூரில் பாடலீஸ்வரர் கோயில் பக்கத்து வீடு, சித்திரை மாதம், மின்விசிறி காற்றே அனலாக வந்துகொண்டிருந்தது. அத்தை பிரித்துப் பார்த்தார், தடவிப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்குடி. ஆனா இதப் போட்டுக்கிட்டு நான் எங்க போறது, ஊட்டிக்கா?" என்றார். அந்த ஸ்வெட்டர் இன்றைக்கும் அவர் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

கையால் பின்னிக் கொடுப்பதில் நடக்கும் பெரிய தவறுகள் பெரும்பாலும் ஊசியை எடுப்பதற்கு முன்னாலேயே நடந்துவிடுகின்றன. நமக்கு எதைப் பின்ன ஆசையோ அதைப் பின்னுகிறோம். வாங்கிக்கொள்கிறவர் அதை எந்த மாதத்தில், எந்த ஊரில், எங்கே போகும்போது போடுவார் என்று யோசிப்பதில்லை. நம் பக்கம் ஜனவரி அதிகாலையில்கூடச் சராசரியாக 20, 21 டிகிரிதான். அதற்குக் கம்பளி ஸ்வெட்டர் எதற்கு?

அதைவிட மோசம், கம்பளி என்று நினைத்து நாம் வாங்குவது பல சமயம் கம்பளியே இல்லை. ஃபேன்சி ஸ்டோரில் "உல்லன்" என்று கேட்டால் எடுத்துத் தரும் பளபளப்பான உருண்டைகளில் பெரும்பாலானவை அக்ரிலிக். என் மாமனார் புதுச்சேரி முதலியார்பேட்டையில் இருந்த ஏ.எஃப்.டி. துணி மில்லில் வேலை பார்த்தவர். பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1898-ல் தொடங்கிய ஆலை. நூலைக் கையில் கொடுத்தால் அவர் முதலில் செய்வது ஒரு துண்டைக் கிள்ளிக் கொளுத்திப் பார்ப்பது. பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை, சாம்பல் மெத்தென்று இருக்கும். உண்மையான கம்பளி முடி பொசுங்குகிற நாற்றம் அடிக்கும், தீயை எடுத்ததும் தானாக அணையும், கருகியது விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறினால் மிளகு மாதிரி கெட்டியான மணி ஒன்று மிஞ்சும். (தட்டில் வைத்து, இடுக்கியால் பிடித்துச் செய்யுங்கள். உருகிய சொட்டு விரலில் பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.)

அக்ரிலிக் கெட்ட நூல் என்று சொல்லவில்லை. விலை குறைவு, நிறம் போகாது, பொம்மை பின்ன அதற்கு இணையே இல்லை. ஆனால் வியர்வையை உறிஞ்சாது. கடற்கரை ஊரின் புழுக்கத்தில் அதைக் கழுத்தைச் சுற்றிப் போட்டால் பத்து நிமிஷத்தில் அரிக்கத் தொடங்கும். இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகித் தட்டையாகிவிடும், பழைய நிலைக்கு வரவே வராது.

இங்கே இருப்பவர்களுக்குப் பருத்தி நூல்தான் என் முதல் தேர்வு. ஏ.சி. பஸ்ஸில் சென்னை போகிறவர்களுக்கு மெல்லிய சால்வை, கோயிலுக்குப் போகும்போது தோளில் மாட்டப் பை, தண்ணீர் பாட்டிலுக்கு உறை, மேசை விரிப்பு, இவையெல்லாம் நிஜமாகவே பயன்படும். ஆனால் பருத்திக்குக் கம்பளி மாதிரி இழுத்தால் திரும்பி வரும் குணம் கிடையாது, கனமும் அதிகம். நான் பின்னிய முதல் தோள் பையில் அண்ணி இரண்டு தேங்காய் போட்டார். கோயிலில் இருந்து திரும்பும்போது பை முழங்காலைத் தொட்டது. பைக்கு நூல் லேபிளில் சொல்கிற அளவைவிட ஒரு சைஸ் மெல்லிய கொக்கி ஊசியில் இறுக்கமாகக் குரோஷா போடுங்கள், உள்ளே துணி வைத்துத் தையுங்கள்.

அப்புறம், புதுச்சேரிக்காரர்களுக்கென்றே ஒரு விஷயம் உண்டு. இங்கே பல வீடுகளில் ஒருவராவது பிரான்சில் இருப்பார்கள். அவர்களுக்குத் தாராளமாகக் கம்பளி பின்னலாம், ஆனால் அங்கே துணியை யார் துவைப்பார்கள் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். என் சித்தப்பா மகளுக்கு அசல் கம்பளியில் தொப்பியும் மஃப்ளரும் அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து வீடியோ காலில் காட்டினாள், தொப்பி அவள் பிள்ளையின் கரடி பொம்மைக்குச் சரியாக இருந்தது. வெந்நீரில் மெஷினில் போட்டிருக்கிறாள். கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி நுண்ணிய அடுக்குகள் உண்டு. சூடும் சோப்பும் உலுக்கலும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கித் தடித்துவிடும். பிரிக்க முடியாது. மெஷினில் போடுகிற வீடு என்றால் லேபிளில் "சூப்பர்வாஷ்" என்று போட்ட கம்பளியைத் தேடி வாங்குங்கள், அந்தச் செதிலை அடக்கிப் பக்குவப்படுத்திய நூல் அது. இன்னொன்று, ஊருக்குப் போகிறவர் பெட்டியில் கொடுத்தனுப்பும்போது ஊறுகாய் பாட்டில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். இதற்கு மேல் நான் விளக்க விரும்பவில்லை.

அடுத்தது அளவு. மாதிரித் துண்டு பின்னாமல் நேரே ஸ்வெட்டரைத் தொடங்குவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. நானும் பல வருஷம் அதை வெட்டி வேலை என்று தள்ளிக்கொண்டே வந்தேன். கணக்கைப் பாருங்கள். பேட்டர்னில், அதாவது பின்னும் முறை எழுதிய குறிப்பில், 10 செ.மீ.க்கு 22 கண்ணி (ஊசியில் ஏறும் வளையம்) என்று இருக்கிறது. மார்புச் சுற்று 100 செ.மீ. வேண்டும், ஆக 220 கண்ணி ஏற்றுகிறீர்கள். உங்கள் கை கொஞ்சம் தளர்ந்த கை, உங்களுக்கு 10 செ.மீ.க்கு 20 கண்ணிதான் வருகிறது. அதே 220 கண்ணி இப்போது 110 செ.மீ. இரண்டே கண்ணி வித்தியாசம், தம்பிக்குப் பின்னியது மாமாவுக்குப் போய்ச் சேரும். அதனால் 15 செ.மீ. சதுரமாக ஒரு துண்டு பின்னி, நனைத்து, உலர்த்தி, ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். நனைக்காமல் அளந்தால் பாதி உண்மைதான் தெரியும், துவைத்த பிறகு நூல் தன் இடத்தில் போய் உட்காரும். கண்ணி குறைவாக வந்தால் மெல்லிய ஊசிக்கு மாறுங்கள், அதிகமாக வந்தால் தடித்த ஊசிக்கு. கையை வேண்டுமென்றே இறுக்கிப் பின்னலாம் என்று நினைக்காதீர்கள், நாலாவது வரிசையில் பழைய பழக்கத்துக்கு வந்துவிடும்.

ஊசி நம்பரிலும் ஒரு பொறி இருக்கிறது. இங்கே பழைய கடைகளில் கிடைக்கும் ஊசிகளின் தலையில் போட்டிருப்பது பிரிட்டிஷ் கணக்கு. நம்பர் ஏற ஏற ஊசி மெல்லிசாகும். 8-ம் நம்பர் 4 மி.மீ., 10-ம் நம்பர் 3.25 மி.மீ. யூடியூபில் அமெரிக்கப் பெண்மணி "சைஸ் 8" என்பது 5 மி.மீ. ஊசியை. அவர்கள் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி தடிக்கும், அதாவது நேர் எதிர். குரோஷாவில் குழப்பம் இன்னும் அதிகம். அமெரிக்கர்கள் "சிங்கிள் குரோஷே" என்பதைத்தான் பிரிட்டிஷ் புத்தகம் "டபுள் குரோஷே" என்கிறது, அமெரிக்க "டபுள்" பிரிட்டிஷ் "ட்ரெபிள்". கான்வென்டில் சிஸ்டரிடம் படித்தவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் பிரிட்டிஷ் பாணி. வீடியோவைப் பார்த்து மேசை விரிப்பு போட்டு, பாதி உயரத்தில் வந்து நின்றால் உங்கள் கையைக் குறை சொல்ல வேண்டாம், எந்த நாட்டுப் பேட்டர்ன் என்று பாருங்கள். ஊசியை எப்போதும் மில்லிமீட்டரில் கேட்டு வாங்குவது நல்லது.

இனிக் குழந்தைகளுக்குப் பின்னுவது. எல்லோருக்கும் ஆசை அங்கேதான், கவனம் தேவைப்படுவதும் அங்கேதான்.

வளைகாப்புக்குக் குட்டிக் காலுறையும் தொப்பியும் எடுத்துக்கொண்டு போய் நின்றேன் ஒருமுறை. பாட்டி முகம் மாறிவிட்டது. பிள்ளை பிறப்பதற்கு முன்னால் அதற்கென்று துணி எடுக்கக் கூடாது என்று இருக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. முதலில் கேளுங்கள், இல்லாவிட்டால் வளைகாப்புக்குத் தாய்க்கு ஒரு சால்வை கொடுத்துவிட்டு, குழந்தைக்கானதைப் பெயர் வைக்கும் நாளுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். கறுப்பு நூல் வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

பிறந்த குழந்தையின் தலைச்சுற்று சுமார் 35 செ.மீ., ஆறு மாதத்தில் 43 செ.மீ. பக்கம் வந்துவிடும். மே மாதம் பிறந்த குழந்தைக்குப் பிறந்த அளவில் தொப்பி பின்னினால் கத்திரி வெயிலில் அதைப் போட முடியாது, மார்கழி வரும்போது தலை கொள்ளாது. விரல் விட்டு எண்ணுங்கள். மே குழந்தைக்கு டிசம்பரில் ஏழு மாதம், அந்த அளவில் பின்னுங்கள். தொப்பி தலையைவிட 2, 3 செ.மீ. சிறியதாக இருந்தால்தான் இழுத்துப் பிடித்து நிற்கும். குழந்தை தூங்கும்போது போட வேண்டாம் என்றும் சொல்லிக் கொடுங்கள். குழந்தையின் உடல் சூடு தலை வழியாகத்தான் நிறைய வெளியேறும், தொப்பி அதைத் தடுத்துவிடும், நழுவி முகத்தை மூடும் ஆபத்தும் உண்டு. பிறந்த முதல் நாட்களில் டாக்டர் போடச் சொன்னால் அது வேறு விஷயம்.

கையுறை, காலுறையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். இரண்டு நிறம் மாற்றிப் பின்னியிருந்தால் பின்னால் நூல் நீளநீளமாகத் தொங்கும். அதில் ஒரு இழை பிஞ்சு விரலைச் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுபோகும், குழந்தை ஏன் அழுகிறது என்று யாருக்கும் தெரியாது. பச்சைக் குழந்தைக்கு ஒரே நிறம் போதும். கழுத்தில் ரிப்பன், முடிச்சுக் கயிறு, இழுத்தால் வரும் பட்டன், மணி எதுவும் வேண்டாம்.

பின்னியதைக் கொடுக்கும் வரை பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அதில் இருக்கும் நாப்தலீன் துணியில் ஏறி, பச்சைக் குழந்தையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது கடும் மஞ்சள் காமாலை வரை கொண்டுபோகும். காய்ந்த வேப்பிலையும் வசம்பும் ஒரு துணி முடிச்சில் கட்டி அலமாரி மூலையில் வைத்தால் போதும். மழைக்காலத்தில் பூச்சியைவிட ஈரம்தான் எதிரி. 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் வந்தபோது கீழ்த் தட்டில் வைத்திருந்த நூலெல்லாம் பூசணம் பூத்துப் போயிற்று. அன்றிலிருந்து மூடி இறுகும் டப்பாவில், மேல் தட்டில்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. லேபிளில் உள்ள லாட் நம்பர் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூல்களுக்குப் போடும் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, தேவையான எல்லா உருண்டைகளையும் ஒரே நாளில் வாங்குங்கள். "அதே சிவப்புதாம்மா" என்று கடைக்காரர் கொடுப்பது முதுகில் கோடு போட்ட மாதிரி தெரியும். கழுத்துப் பக்கம் முடிக்கும்போது ஒரு சைஸ் தடித்த ஊசியில் முடியுங்கள், இல்லாவிட்டால் தலை நுழையாது. நூல் நுனியை முடிச்சுப் போட்டு வெட்டாதீர்கள். 15 செ.மீ. விட்டு, தையல் ஊசியில் கோத்து, ஒரு பக்கம் போய்த் திரும்பி எதிர்ப்பக்கமும் வாருங்கள். பொங்கலுக்கு ஆறு பேருக்கு என்று வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். ஒருவருக்குப் பின்னி முடித்த பிறகு அடுத்தவரைப் பற்றி யோசித்தால் போதும்.

கொடுக்கும்போது ஒரு சீட்டும் வைக்கிறேன் இப்போதெல்லாம். "கல்லில் அடிக்க வேண்டாம். பச்சைத் தண்ணீரில் அலசி, பிழியாமல் துண்டில் சுற்றி அழுத்தி, நிழலில் பாயில் பரப்பவும். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும்." கூடவே அதே நூலில் மூன்று முழம், ஒரு உபரி பட்டன். அண்ணி அந்தச் சீட்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். பாயில்தான் பரப்புகிறார், மொட்டை மாடியில், நல்ல வெயிலில், காக்கைக்கு நேர் கீழே.