மூளைத் தரவை எல்லை தாண்டிப் பகிர்வதற்கு முன்

பல நாடுகளில் மூளை ஆய்வு நடத்த முனைபவர்கள், முதல் ஸ்கேன் எடுக்கும் முன்பே மூன்று விவரங்களை எழுதிவைக்க வேண்டும்: தரவு எந்த நாட்டில் எடுக்கப்படுகிறது, எந்த நாட்டுச் சர்வரில் இருக்கப்போகிறது, எங்கிருந்தெல்லாம் அதைத் திறந்து பார்ப்பார்கள். மூன்றுக்கும் வெவ்வேறு சட்டம் பொருந்தக்கூடும். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள், உடல்நலத் தரவைத் தனிக் காப்புக்கு உரியதாக வகைப்படுத்துகின்றன. சிலி 2021இல் மூளைச் செயல்பாட்டையும் அதிலிருந்து பெறப்படும் தகவலையும் காக்கும்படி அரசியலமைப்பையே திருத்தியது; 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒரு நிறுவனம் தன் கருவி வழியே ஒருவரிடமிருந்து சேகரித்த மூளைத் தரவை அழிக்கும்படி உத்தரவிட்டது. விதிகள் வேறுபடும் இடத்தில் மிகக் கடுமையானதையே அனைவருக்கும் பொதுவாக வைத்துக்கொள்வது நல்லது.

பெயரை நீக்கியதோடு அடையாளம் மறைந்துவிட்டதாக எண்ணிவிட வேண்டாம். ஓர் எம்.ஆர்.ஐ. கோப்பைத் திறந்து தலையின் மேற்பரப்பை முப்பரிமாணத்தில் உருவாக்கிப் பாருங்கள். மூக்கும் உதடும் தாடையும் தெளிவாகத் தெரியும். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், முகம் அறியும் மென்பொருள் 84 பேரில் 70 பேரின் ஸ்கேனை அவரவர் புகைப்படத்தோடு சரியாகப் பொருத்தியது. ஆகவே முகப்பகுதியை மென்பொருளால் அகற்றியபின் ஒவ்வொரு கோப்பையும் கண்ணால் சரிபார்க்க வேண்டும். கோப்பின் தொடக்கத்தில் உள்ள விவரப் பகுதியில் (header) பதிந்திருக்கும் பிறந்த தேதி, மருத்துவமனைப் பெயர் போன்றவற்றையும் நீக்க வேண்டும். அப்போதும் மூளைப் பகுதிகளின் இணைப்பமைப்பே கைரேகைபோல ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், 'உங்களை யாராலும் கண்டறிய முடியாது' என்று ஒப்புதல் படிவத்தில் எழுதுவது பொய் வாக்குறுதியாகிவிடும். மீண்டும் அடையாளம் காண முயலக்கூடாது, பிறருக்குக் கைமாற்றக்கூடாது, சொன்ன நோக்கத்துக்கு அப்பால் பயன்படுத்தக்கூடாது என்று தரவைப் பெறுபவரையும் ஒப்பந்தத்தால் கட்டுப்படுத்துங்கள்.

ஒப்புதல் விஷயத்தில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடியினர், நீரிழிவு ஆய்வுக்கு என்று நம்பி 1990களில் இரத்த மாதிரி கொடுத்தார்கள். அது மனச்சிதைவு நோய் குறித்தும் தங்கள் மூதாதையர் இடம்பெயர்வு குறித்தும் ஆராயப் பயன்பட்டதைப் பின்னரே அறிந்தார்கள். 2010இல், மாதிரிகளைச் சேகரித்த அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் தந்து, எஞ்சிய மாதிரிகளைத் திருப்பிக் கொடுத்தது. தனி ஒருவரின் கையொப்பம், அவருடைய சமூகத்தைப் பற்றிய முடிவுகளுக்கும் சேர்த்து அனுமதி ஆகிவிடாது. தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் 2017இல் தங்களுக்கான ஆய்வு நெறிமுறையைத் தாங்களே வகுத்தார்கள். அப்படியொன்று இருக்கும் இடத்தில் முதலில் அதைப் படித்து, அந்த மக்களின் அமைப்பிடம் ஒப்புதல் பெற்ற பிறகே தனி நபர்களை அணுகுங்கள்.

படிவத்தை மொழிபெயர்த்தபின், அந்த மொழி பேசும் ஒருவரைப் படிக்கவைத்து, தமக்குப் புரிந்ததைத் தம் சொற்களிலேயே சொல்லச் சொல்லுங்கள். 'மனம்', 'மூளை', 'நோய்' ஆகிய சொற்கள் எல்லா மொழிகளிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. ஸ்கேனில் எதிர்பாராமல் கட்டி ஏதும் தென்பட்டால் யார் சொல்வார்கள், யாரிடம் சொல்வார்கள் என்பதும் படிவத்தில் இருக்க வேண்டும்.

தரவு யார் யாருக்கு, எந்த நாளில் அனுப்பப்பட்டது என்ற பதிவேட்டையும் முதல் நாளிலிருந்தே வைத்திருங்கள். பங்கேற்றவர் ஒருவர் விலக விரும்பினால், எந்தெந்தப் பிரதிகளை அழிக்கச் சொல்ல வேண்டும் என்பது அந்தப் பதிவேட்டிலிருந்துதான் தெரியவரும்.